நோட்டில் போடாத மூன்று கோடுகள்

எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே ஒரு டெக்தான் இருந்தது. அறுபது கார்டுகள். ரம்மி ஆடுகிற சீட்டுக்கட்டு இல்லை. ஒவ்வொரு கார்டிலும் ஒரு மிருகமோ மந்திரமோ படமாக இருக்கும். அது என்ன செய்யும் என்று கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருக்கும். பாக்கெட்டாக விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்த பிறகுதான் தெரியும். கிடைத்ததை வைத்துக்கொண்டு, வேண்டாததை மற்றவர்களிடம் மாற்றிக்கொண்டு, அவரவர் டெக்கை அவரவர் கட்ட வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. ஆளுக்கு இருபது உயிர். எதிராளியின் இருபதையும் முதலில் தீர்ப்பவரே ஜெயித்தவர்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை. மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பரிசுப் பொருள் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டி நடந்தது. கீழே வாழ்த்து அட்டையும் கரடி பொம்மையும் விற்ற கடைக்காரர், மேலே நான்கு நீள மேஜைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டு வைத்திருந்தார். நடுவரும் அவர்தான். பத்துப் பேர் வருவார்கள், சில வாரம் பதினாறு. பாதிப் பேர் காலேஜ் பையன்கள், மீதி கால் சென்டரில் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வருகிறவர்கள். பெண் என்று போனது நான் ஒருத்திதான்.

அண்ணன் எங்கள் பல்லாவரத்திலேயே ஒரு தோல் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தான். பத்தாவதோடு படிப்பை விட்டவன். நான் பி.எஸ்ஸி. புள்ளியியல், இரண்டாம் வருடம். அந்த மாடியில் நானும் இரண்டு முறை ஆடிப் பார்த்தேன். இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே தோற்றேன். வீட்டில் அண்ணனை எளிதாக ஜெயித்தவள், அங்கே நாலு பேர் சுற்றி நின்று பார்த்தால் அவசரப்பட்டுக் கார்டை மாற்றிப் போட்டேன். அதற்குப் பிறகு ஆடுவது அவன், கணக்கு வைப்பது நான் என்று ஆகிவிட்டது. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்தையும் குறித்து வைப்பேன். எந்த டெக்குக்கு எதிராக, யார் முதலில் ஆடினார்கள், எத்தனையாவது சுற்றில் முடிந்தது. ஜெயித்தால் ஒரு கோடு. நாலு கோடு நின்றால் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். அந்த நோட்டு இல்லாவிட்டால் அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை. அது எனக்குத் தெரியும்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். முதல் நாள் கார்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பணம் வைத்து ஆடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றான் அண்ணன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஹாலில் கார்டுகள் விரிந்து கிடந்தால் மிதிக்கக் கூடாத எதையோ பார்த்ததுபோலச் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போவார்.

ஒரு டெக்கைச் சோதிக்க எதிரே இன்னொரு டெக் வேண்டும். எங்களிடம் ஏது? வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளைக் கார்டு அளவுக்கு அண்ணன் வெட்டித் தந்தான். தோல் வெட்டுகிற கை. ஒரு நூல் பிசகாது. அதன் வெற்றுப் பக்கத்தில், தாம்பரத்தில் மற்றவர்கள் ஆடுகிற கார்டுகளின் பெயரையும் பலத்தையும் நான் பேனாவால் எழுதினேன். அப்படி மூன்று காகித டெக்குகள் செய்தோம். அவன் உண்மையான டெக்கோடு உட்காருவான், நான் பத்திரிகை டெக்கோடு உட்காருவேன். அவன் எதிராளியின் மிருகத்தைக் கொன்றால் பின்பக்கம் மணமகன் பெயர் மேலே திரும்பி விழும்.

அந்த வருடம் கடைக்காரர் ஒரு பெரிய போட்டி அறிவித்தார். ஜெயிப்பவர் பெங்களூரில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். அதற்கு ஒரு மாதம் இருந்தபோது எங்களுக்குள் தகராறு ஆரம்பித்தது.

எங்கள் டெக் வேகமானது. சின்னச் சின்ன மிருகங்களை அடுத்தடுத்து இறக்கி, எதிராளி மூச்சு விடுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஐம்பத்தாறு கார்டுகளில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. மீதி நாலு இடம்தான் சண்டை. அண்ணன் அங்கே ஒரு தடுப்புக் கார்டை வைத்திருந்தான். வருகிற தாக்குதல் ஒன்றை முழுதாகத் தடுத்துவிட்டு அங்கேயே நிற்கும். நாங்கள் அதைச் சுவர் என்போம், அவன் வாயில் செவுரு. நாலு சுவரையும் சேர்க்க அவனுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அந்த இடத்தில், பெட்டியில் சும்மா கிடந்த நாலு மின்னல் வேண்டும். மின்னல் எந்த மிருகத்தையும் பார்க்காது, எதிராளியின் உயிரில் நேராக மூன்றைக் கழித்துவிடும். ஓடுகிறவனுக்குச் சுவர் எதற்கு என்பது என் கட்சி. மாடியில் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, காலேஜ் படிப்பெல்லாம் பரீட்சைக்குத்தான் ஆகும், மேஜைக்கு ஆகாது என்றான். அங்கிருந்தவர்களும் சிரித்தார்கள். அவன் மனதில் ஒன்றுமில்லாமல்தான் சொன்னான். நான் அதை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன்.

சரி, நோட்டு சொல்லட்டும் என்று முடிவு செய்தோம். சுவர் வைத்து ஐம்பது ஆட்டம், மின்னல் வைத்து ஐம்பது ஆட்டம். எது அதிகம் ஜெயிக்கிறதோ அது போகும். தினமும் அவன் வேலை முடித்து வந்ததும் உட்கார்ந்தோம். நாற்பது நாற்பது முடிந்தபோது சுவருக்கு இருபத்தொன்று, மின்னலுக்கு இருபத்திரண்டு. போட்டிக்கு இரண்டே நாள். வெள்ளிக்கிழமை எனக்குக் கல்லூரி இல்லை, அவனுக்கு வேலை இருந்தது. மிச்சம் இருக்கிற பத்துப் பத்தை நீயே இரண்டு பக்கமும் ஆடி முடித்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனான்.

அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அத்தா ஜும்ஆ தொழுகை முடித்து அப்படியே தன் கடைக்குப் போய்விட்டார். ஹால் தரையில் நான் மட்டும். இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு சுற்று, எழுந்து அந்தப் பக்கம் போய் ஒரு சுற்று. காலண்டர் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். முதலில் மின்னல். பத்தில் நாலுதான் ஜெயித்தது. பிறகு சுவர். ஏழு ஜெயித்தது. கூட்டினால் சுவருக்கு இருபத்தெட்டு, மின்னலுக்கு இருபத்தாறு.

நான் படித்த பாடத்தின்படி அந்த இரண்டு ஆட்ட வித்தியாசத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. இன்னொரு ஐம்பது ஆடினால் மாறியே போகலாம். அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் சிரிப்பது எனக்கு முன்கூட்டியே கேட்டது. நோட்டைத் திறந்து மின்னலுக்கு நாலு கோடு போட்டேன். சுவருக்கும் நாலு போட்டேன். காலண்டர் தாளைக் கிழித்து, குப்பைக்கூடையில் வெங்காயத் தோலுக்கு அடியில் தள்ளினேன்.

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான். நோட்டை நீட்டினேன். கை கழுவிவிட்டு வந்து, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். மின்னல் இருபத்தாறு, சுவர் இருபத்தைந்து. இன்னொரு தடவை எண்ணினான். அதற்குள் என் காது சூடாகிவிட்டது.

"ஒண்ணுதான்," என்றான். "ஒண்ணுன்னாலும் ஒண்ணுதான். மின்னலே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேர் வந்திருந்தார்கள். பத்தரைக்குள் அவரவர் டெக்கில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் மாடி முழுக்கக் கார்டு மாற்றுகிற சத்தம். கோவிலம்பாக்கத்திலிருந்து வருகிற ஒருவர் எங்களிடம் வந்தார். கால் சென்டர்காரர், இருபத்தைந்து வயது இருக்கும், எப்போதும் மெதுவாகப் பேசுவார், மெதுவான டெக்கைத்தான் ஆடுவார். அண்ணனின் பெட்டியில் தனியாகக் கிடந்த நாலு சுவரையும் பார்த்துவிட்டு, இதை ஆடப்போவதில்லையா என்று கேட்டார். இல்லை என்றான். உடனே அவர் தன் ஆல்பத்தைத் திறந்து ஒரு பருந்துக் கார்டைக் காட்டினார். இறங்கிய சுற்றிலேயே தாக்கும் மிருகம் அது. எங்கள் டெக்குக்கென்றே செய்ததுபோல இருக்கும். நாலு மாதமாக நான் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நாலு சுவரையும் கொடுத்தால் பருந்தைத் தருவதாகச் சொன்னார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"நோட்டுப்படி பாத்தா செவுரு நமக்கு வேணாம்தான?"

கடைக்காரர் இன்னும் ஐந்து நிமிடம் என்று குரல் கொடுத்தார். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். மாடியில் கூட்டம் இருந்தது என்பதெல்லாம் சாக்கு. அவன் காதோடு சொல்ல ஒரு நொடி போதும். நான் பருந்தைப் பார்த்துக்கொண்டே, சுவர் வேண்டாம் என்றேன். அவன் நாலு சுவரையும் எண்ணி அவர் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது மேல் கார்டின் முனையைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினான். அவர் அங்கேயே நின்று தன் பட்டியலில் நாலு வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். நாங்களும் ஒரு சின்ன மிருகத்தை அடித்துவிட்டுப் பருந்தை எழுதினோம்.

முதல் சுற்று சுலபமாகப் போனது. இரண்டாவதில் ஒரு காலேஜ் பையன் அண்ணனை மூலையில் தள்ளிவிட்டான். அண்ணனுக்கு இரண்டு உயிர் மிச்சம், அவனுக்கு மூன்று. அண்ணன் எடுத்த கார்டு மின்னல். ஆட்டம் அதோடு முடிந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான், நீ சொன்னது சரி என்கிற மாதிரி. நானும் தலையை ஆட்டினேன். ஒரு நிமிடம் எனக்கு நிஜமாகவே நான் சரியாகத்தான் செய்தேன் என்று பட்டது.

அரையிறுதியில் எதிரே வந்து உட்கார்ந்தவர் கோவிலம்பாக்கத்துக்காரர்.

மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தைப் பருந்து முடித்துக் கொடுத்தது. இரண்டாவதில் அண்ணன் கைக்கு மிருகமே வரவில்லை, தோற்றான். மூன்றாவது ஆட்டத்துக்குத் தோற்றுப்போனவர்கள் எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பார்ப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. நான் அண்ணனின் தோளுக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவன் கையிலிருந்த கார்டுகள் எனக்குத் தெரிந்தன.

அந்த ஆட்டத்தின் ஐந்தாவது சுற்றில் அவருக்கு உயிர் ஐந்து. அண்ணனிடம் மேஜையில் பலம் நாலு உள்ள ஒரு மிருகம், கையில் ஒரு மின்னல். நாலும் மூன்றும் ஏழு. முடிந்தது. பக்கத்தில் நின்றவர்களும் மனதில் கூட்டிவிட்டார்கள் போல, யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அண்ணன் மிருகத்தைத் திருப்பித் தாக்குதல் என்றான். அவர் அவசரப்படாமல் கையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். சுவர். அன்று காலை வரை எங்கள் பெட்டியில் இருந்த கார்டு. அதன் மேல் மூலையில் ஒரு சின்ன மடிப்பு உண்டு, வாங்கிய அன்று நான் மடக்கிவிட்டது.

தாக்குதல் நின்றுவிட்டது. அண்ணன் மின்னலைப் போட்டான். ஐந்து இரண்டானது. அடுத்த சுற்றில் அவர் பெரிய மிருகத்தை இறக்கினார். அண்ணனுக்கு இன்னும் ஒரு சுற்று இருந்தது. இன்னொரு மின்னல் வந்தால் ஜெயிப்பான். டெக்கின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். எடுத்தான். அது மின்னல் இல்லை. அவர் தாக்கினார். தடுக்க அண்ணனிடம் எதுவும் இல்லை.

அண்ணன் எழுந்து கை கொடுத்தான். நல்ல நேரத்துக்கு வந்தது பாஸ் உங்களுக்கு என்று சொல்லிச் சிரித்தான். அவர் அடுத்த ஆட்டத்தையும் ஜெயித்துப் பெங்களூர் போவது உறுதியானதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

தாம்பரம் ஸ்டேஷனில் வண்டிக்கு நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் அண்ணன் பேச ஆரம்பித்தான். தோற்ற கோபம் இல்லை. தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தான். இத்தனை மாதம் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதது எவ்வளவு முட்டாள்தனம், நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது சுற்றிலேயே போயிருப்பேன், இனிமேல் எனக்குத் தோன்றுவதை நம்பப் போவதில்லை, நீ எழுதுகிறபடிதான் டெக் என்றான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் திட்டியிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை செவுரு நாலு ஜெயிக்கல. ஏழு," என்றேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டதையும் சொன்னேன். அவன் கூட்டிப் பார்ப்பது உதட்டசைவில் தெரிந்தது. எதிர் பிளாட்பாரத்தில் ஒரு வண்டி வந்து நின்று, ஆட்கள் இறங்கி, அது போய்விட்டது. அதற்கப்புறம்தான் கேட்டான்.

"காத்தால நான் கேட்டப்பவாவது சொல்லிருக்கலாம்ல?"

நான் மடியிலிருந்த நோட்டைப் பைக்குள் திணித்தேன்.

"செவுர எடுறா அண்ணா, எனக்காகன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா எடுத்துருப்பேனே. அதுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?"

இதைச் சத்தமில்லாமல் சொன்னான். வண்டி வந்தது. அவன் ஏறிக் கதவோரம் நின்றுகொண்டான். நான் பெண்கள் பெட்டியில் ஏறவில்லை, அவன் பின்னாலேயே ஏறினேன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். அவன் வெளியே பார்த்தபடியே வந்தான். வீட்டில் அம்மா போட்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள். தோத்துட்டேம்மா, கார்டு வரல என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் பேசாமலும் இல்லை. சோறு போடு, தண்ணி கொடு, சட்டையைத் தேய்த்துவிட்டாயா என்றெல்லாம் பேசினான். கார்டைப் பற்றி மட்டும் பேச்சில்லை. இரண்டு ஞாயிறு தாம்பரம் போகவில்லை. டெக் அலமாரியில் அப்படியே இருந்தது. அவன் முகம் கழுவிவிட்டு ஹாலுக்கு வரும்போதெல்லாம், இப்போது கேட்பான் என்று நான் காத்திருப்பேன். டீயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான்.

மூன்றாவது ஞாயிறு நான் தனியாகப் போனேன். தாம்பரத்துக்குப் போய் அந்தச் சுவரைக் கேட்டுப் பார்க்கிறேன், டெக்கை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று அவனிடம் கேட்டேன். அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், எடுத்துக்கொள் என்றான்.

கடை மாடிப்படியில் பாதி ஏறி ஒரு முறை நின்றேன். அண்ணன் இல்லாமல் அங்கே போனதே கிடையாது. கோவிலம்பாக்கத்துக்காரர் பெங்களூரில் இரண்டாவது சுற்றில் தோற்றுவிட்டு வந்திருந்தார், சுற்றி நின்றவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடியும்வரை ஓரமாக நின்றேன். பிறகு தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, நடந்ததைச் சொன்னேன். பொய்க் காரணம் ஒன்றை ரயிலில் யோசித்து வைத்திருந்தேன், அது வாயில் வரவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாலும் தர முடியாது சிஸ்டர், என் டெக்குக்கும் வேணும். பருந்தைத் திருப்பிக் குடுங்க, ரெண்டு தரேன்," என்றார்.

ஒரு பருந்துக்கு இரண்டு சுவர். நல்ல மாற்றா, ஏமாற்றா? எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைத்தேன். இரண்டு மின்னலை எடுத்துவிட்டு இரண்டு சுவர் வைத்தால் என்ன ஆகும் என்று மனது அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தவள், ஐந்து நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். டீக்கடை ஓரத்தில் ஒரு ரூபாய் போன் இருந்தது. அண்ணனின் செல்லுக்கு அடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

காசு முடிந்து கட்டாகிவிடுமோ என்று இன்னொரு ரூபாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ இன்னா நெனைக்கற?"

"எனக்குத் தெரியல. உன் கார்டு. நீ சொல்லு."

"ரெண்டு வாங்கிக்க," என்றான். பிறகு, "மடிப்பு விழுந்தது ஒண்ணு கீது பாரு, அது வேணாம். அவன்கிட்டயே இருக்கட்டும்," என்றான்.

அடுத்த ஞாயிறு இரண்டு சுவர், இரண்டு மின்னல் என்று வைத்து ஆடினான். ஒரு ஆட்டம்கூடச் சோதிக்காமல் போன டெக் அது ஒன்றுதான். இரண்டாவது சுற்றில், நாங்கள் கேள்வியே படாத ஒரு டெக்கிடம் தோற்றான். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் ஆடினோம். சோதிக்கும்போது அவன் ஒவ்வொரு கோட்டையும் நான் போட்டவுடன் எட்டிப் பார்ப்பான். வேண்டுமென்று பார்த்தானா, பழக்கமாகிவிட்டதா தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு சுவர் வைத்துத் தோற்ற அந்த ஞாயிறு திரும்பி வரும்போது, வண்டி கிளம்புவதற்கு முன்பே அவன் ஆரம்பித்துவிட்டான். அந்தக் கடைசி ஆட்டத்தில் மின்னலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று நீ ஏன் ஜாடை காட்டினாய் என்று கேட்டான். நான் ஜாடையே காட்டவில்லை, கொசு கடித்தது என்றேன். அவன் நம்பவில்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் கெட்டேன் என்றான். என் முகத்தை ஏன் பார்க்கிறாய், கார்டைப் பார் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குரோம்பேட்டையில் அவள் இறங்கிய பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை.